தொடரியலைத் தமிழில் தொடங்குவது எப்படி?

"கார்டை டாப்-அப் பண்ணணும்." சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஏறுகிற தமிழர்கள் சாதாரணமாகச் சொல்கிற வாக்கியம் இது. கார்ட், டாப்-அப் இரண்டுமே ஆங்கிலச் சொற்கள். ஆனாலும் இது தமிழ் வாக்கியம்தான். 'கார்ட்' மேல் 'ஐ' ஏறியிருக்கிறது. செயப்படுபொருள் முன்னால் வந்து வினை கடைசிக்குப் போயிருக்கிறது. 'டாப்-அப்' தனியாக வினையாக நிற்க முடியாததால் 'பண்ணு' துணைக்கு வந்திருக்கிறது. சொற்களை மாற்றினாலும் மாறாமல் நிற்கிற இந்த அமைப்பைப் பற்றிய படிப்புதான் தொடரியல்.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலோ மொழியியல் எடுத்தால் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். பாடநூலின் உதாரணங்களும் பெரும்பாலும் ஆங்கில வாக்கியங்கள்தான். சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பவர்களுக்கு இலக்கணம் தெரியும், ஆனால் மொழியியல் கேட்கும் கேள்விகள் புதியவை. இரு தரப்பினரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு: கலைச்சொற்களை மனப்பாடம் செய்துவிட்டு வாக்கியத்துக்கு வருகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. முதலில் வாக்கியத்தை அசைத்துப் பாருங்கள். எது அசைகிறது, எது அசைய மறுக்கிறது என்று உங்கள் காது சொல்லும். அதற்கு இடும் பெயர்தான் கலைச்சொல். தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்குத் தமிழைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது. பாடநூலில் இருக்கும் சோதனைகள் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் சில தமிழுக்கு அப்படியே பொருந்தாது, தமிழுக்கே உரிய சோதனைகளும் உண்டு.

ஒரு நோட்டுப்புத்தகம், இரண்டு குறிகள்

ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். தமிழர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார் என்று தோன்றினால் அதற்கு முன்னால் நட்சத்திரக் குறி (*) போடுங்கள். சொல்லலாமா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் கேள்விக்குறி. தொடரியலின் தரவு பெரும்பாலும் இந்த மாதிரிக் குறிப்புகள்தான். சரியான வாக்கியங்களை மட்டும் சேர்த்தால் எதுவும் தெரியாது. நட்சத்திரம் போட்ட வாக்கியங்கள்தான் விதி எங்கே இருக்கிறது என்று காட்டும்.

இங்கே 'தவறு' என்பது வாத்தியார் சிவப்பு மையில் திருத்துகிற தவறு இல்லை. "அவன் வந்துட்டான்" பேச்சுத்தமிழ், ஆனால் முழுக்க இலக்கண முறைப்படியான வாக்கியம். அதற்கும் ஒழுங்கு உண்டு. எழுத்துத்தமிழைச் சோதிக்கிறீர்களா, பேச்சுத்தமிழைச் சோதிக்கிறீர்களா என்பதை மட்டும் பக்கத்தின் மேலே எழுதி வைத்துவிடுங்கள். இரண்டையும் கலந்தால் முடிவுகள் குழம்பும்.

பொருளும் வேறு, அமைப்பும் வேறு. "செங்குத்தான மௌனம் நேற்றைய உப்பைக் கவலையோடு துவைக்கிறது" என்பதில் பொருளே இல்லை. ஆனால் எழுவாய், செயப்படுபொருள், அடை எல்லாம் எது என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அதே சொற்களைக் கலைத்து "*நேற்றைய துவைக்கிறது மௌனம் கவலையோடு செங்குத்தான உப்பை" என்று எழுதினால் அதுவும் போய்விடுகிறது. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1957இல் ஆங்கிலத்தில் இப்படிப் பொருளற்ற ஒரு வாக்கியத்தைக் கொண்டுதான் இந்த வேறுபாட்டைக் காட்டினார். அது புகழ்பெற்ற உதாரணம், உங்கள் பாடநூலிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

சொல் எந்த வகை?

'பெயர்ச்சொல் என்றால் பொருளின் பெயர், வினைச்சொல் என்றால் செயல்' என்று தொடக்கப்பள்ளியில் படித்ததை இங்கே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 'ஓட்டம்' செயல்தான், ஆனால் பெயர்ச்சொல். 'இரு' எந்தச் செயலையும் காட்டுவதில்லை, ஆனால் வினைச்சொல். பொருளை நம்பாமல் நடத்தையைப் பாருங்கள்: வேற்றுமை உருபு ஏற்குமா? காலம் காட்டுமா? ஓட்டத்தை, ஓட்டத்துக்கு, ஓட்டத்தில் என்று உருபு ஏற்கிறது, பெயர். இருந்தது, இருக்கிறது, இருக்கும் என்று காலம் காட்டுகிறது, வினை.

இது மேற்கிலிருந்து வந்த உத்தி என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தின் வினையியல் தொடங்குவதே இப்படித்தான்:

"வினையெனப் படுவது வேற்றுமை கொள்ளாது
நினையுங் காலைக் காலமொடு தோன்றும்."

வினை என்றால் செயல் என்று அந்த நூற்பா சொல்லவில்லை. வினை எதை ஏற்காது, எதோடு வரும் என்று சொல்கிறது. இன்றைய மொழியியல் வகுப்பில் சொல்வகைகளைப் பிரிப்பதும் இதே வழியில்தான். இந்த இரண்டு அடிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எது எதோடு சேர்ந்து நிற்கிறது?

தொடரியலின் மையம் இதுதான், அதனால் இங்கே நிதானமாகப் போவோம்.

"அம்மா தேக்கா சந்தையில் பெரிய மீனை வாங்கினார்."

ஆறு சொற்கள். ஆறு சொற்களை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். தமிழில் சொற்களை எப்படி வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மையென்றால் 720ம் சரியாக வர வேண்டும். போட்டுப் பாருங்கள்.

"பெரிய மீனை அம்மா தேக்கா சந்தையில் வாங்கினார்." வருகிறது.
"தேக்கா சந்தையில் பெரிய மீனை அம்மா வாங்கினார்." இதுவும் வருகிறது.
"*அம்மா பெரிய தேக்கா மீனை சந்தையில் வாங்கினார்." வரவில்லை.

'பெரிய' என்பதை மட்டும் தூக்கி முன்னால் வைத்தால் என்ன ஆகிறது? "பெரிய அம்மா தேக்கா சந்தையில் மீனை வாங்கினார்." வாக்கியம் சரி, ஆனால் சந்தைக்குப் போன ஆளே மாறிவிட்டார்! இதைக் கவனிக்காமல் 'பெரிய என்பதை நகர்த்தலாம்' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு சொல்லை நகர்த்திய பிறகும் பழைய பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது சோதனையில் பாதி.

ஆக, நகர்வது சொற்கள் இல்லை, கூட்டங்கள். [அம்மா] [தேக்கா சந்தையில்] [பெரிய மீனை] [வாங்கினார்]: நான்கு கூட்டங்கள். நான்கை 24 விதமாக அடுக்கலாம். வினையைக் கடைசியில் நிறுத்தினால் ஆறு விதம், ஆறும் இயல்பாகவே வரும். மற்ற வரிசைகளில் பல பேச்சில் வரும்: "அம்மா வாங்கினாங்க பெரிய மீனை, தேக்கா சந்தையில." இப்படிச் சேர்ந்தே நடமாடும் கூட்டத்துக்குத்தான் 'உறுப்பு' என்று பெயர்.

நகர்த்துவது ஆங்கிலப் பாடநூலிலும் இருக்கும் சோதனை. அடுத்தது தமிழுக்கே உரியது, எனக்கு மிகவும் பிடித்தது. கேள்வி கேட்கும் 'ஆ'வை வாக்கியத்தில் எங்கெல்லாம் ஒட்ட முடியும் என்று பாருங்கள்.

அம்மாவா தேக்கா சந்தையில் பெரிய மீனை வாங்கினார்?
அம்மா தேக்கா சந்தையிலா பெரிய மீனை வாங்கினார்?
அம்மா தேக்கா சந்தையில் பெரிய மீனையா வாங்கினார்?
அம்மா தேக்கா சந்தையில் பெரிய மீனை வாங்கினாரா?

ஆறு சொற்களில் நான்கில்தான் ஒட்டுகிறது. "*பெரியவா மீனை" என்றோ, "*தேக்காவா சந்தையில்" என்றோ யாரும் கேட்பதில்லை. மீன் பெரியதா சிறியதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றாலும், குரலில் 'பெரிய' என்பதை அழுத்திவிட்டு 'ஆ'வை 'மீனை' மீதுதான் ஒட்டுவீர்கள். உறுப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் 'ஆ'வுக்கு இடம். 'தான்', 'உம்' இரண்டையும் இதே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். அதே நான்கு இடங்கள்தான் வரும் ('வாங்கினார்' மேல் 'உம்' ஏற்றுவதற்கு மட்டும் 'வாங்கவும் செய்தார்' என்று வடிவத்தை மாற்ற வேண்டியிருக்கும்). நகர்த்தும் சோதனையும் ஒட்டும் சோதனையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை, ஆனால் ஒரே இடத்தில் கோடு கிழிக்கின்றன. அப்படியானால் அந்தக் கோடு நாம் கற்பனையில் போட்டது இல்லை.

இன்னும் இரண்டு சோதனைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று பதிலீடு: 'எங்கள் புளோக்கின் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் அந்த வயதான தாத்தா' என்ற முழு நீளத்தையும் எடுத்துவிட்டு 'அவர்' என்று வைக்கலாம். ஒரு சொல் நிற்கும் இடத்தில் எட்டுச் சொற்கள் நிற்கின்றன என்றால் அந்த எட்டும் ஓர் உறுப்பு. மற்றது விடை: "எங்கே வாங்கினார்?" என்று கேட்டால் "தேக்கா சந்தையில்" என்று தனியாகப் பதில் சொல்லலாம், "*சந்தையில் பெரிய" என்று சொல்ல முடியாது.

கடைசியாக, பெரிய உறுப்பு ஒன்று. "அம்மா தேக்கா சந்தையில் பெரிய மீனை வாங்கினார், அத்தையும் அப்படியே செய்தார்." 'அப்படியே செய்தார்' என்பது எதற்குப் பதிலாக நிற்கிறது? எழுவாயைத் தவிர மீதி முழுவதற்கும். அதுதான் வினைத்தொடர். இப்போது அடைப்புக்குறிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போடலாம்:

[[அம்மா] [[தேக்கா சந்தையில்] [[பெரிய மீனை] [வாங்கினார்]]]]

வகுப்பில் வரையச் சொல்லும் மரப்படம் இதே செய்திதான். ஒவ்வோர் அடைப்பும் ஒரு கிளை. முதலில் அடைப்புக்குறி போட்டுப் பழகிவிட்டு அப்புறம் மரம் வரைந்தால் கை தடுமாறாது.

ஒரு சிறிய குறிப்பு: 'ஐ' இல்லாமல் "பெரிய மீன் வாங்கினார்" என்று எழுதினால் 'பெரிய மீன்' வினையை விட்டு அவ்வளவு எளிதில் விலகாது. "?பெரிய மீன் அம்மா தேக்கா சந்தையில் வாங்கினார்" என்பது எனக்குக் கொஞ்சம் இடறுகிறது. உருபு இருந்தால் உறுப்பு தாராளமாக நடமாடும், இல்லாவிட்டால் வினையை ஒட்டியே நிற்கப் பார்க்கும். உங்கள் காதிலும் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தலைச்சொல்

ஒவ்வொரு தொடரிலும் ஒரு சொல்தான் முதன்மையானது; மற்றவை அதைச் சார்ந்தவை. 'அந்த மூன்று பெரிய வீடுகளை' என்பதில் 'ஐ' எங்கே ஏறியது? வீடுகள் மேல் மட்டும்தான். "*அந்தையும் மூன்றையும் பெரியவையையும்" என்றெல்லாம் பரவவில்லை. உருபை ஏற்கிற சொல் தலைச்சொல், அதனால் இது பெயர்த்தொடர்.

தமிழில் தலைச்சொல் கடைசியில் வரும். பெயர்த்தொடரில் பெயர் கடைசி. வினைத்தொடரில் வினை கடைசி. 'மேசைக்குக் கீழே' என்பதில் 'கீழே' கடைசி. 'அவன் வருவான் என்று' என்பதில் வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்தோடு இணைக்கிற 'என்று' கூடக் கடைசியில்தான். நான்கு இடங்களிலும் ஒரே பழக்கம். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு 1963இல் வெளியிட்ட ஆய்வில், வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் இட உறவைக் காட்டும் சொல்லையும் பெயருக்குப் பின்னால் வைப்பதே மிகப் பெரும்பாலான வழக்கம் என்று காட்டினார். தமிழ் அதற்கு நல்ல சான்று.

நான்கு மொழிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

சிங்கப்பூரில் படிப்பவருக்கு வாய்த்த வசதி இது. நான்கு அதிகாரத்துவ மொழிகளும் காதில் விழும் ஊரில், ஒப்பீட்டுத் தொடரியலைக் காப்பிக்கடையில் உட்கார்ந்தே தொடங்கலாம்.

நான் கோப்பி குடிக்கிறேன்.
சாயா மினும் கோப்பி. (மலாய்)
வோ ஹ காஃபெய். (சீனம்)
ஐ டிரிங்க் காஃபி. (ஆங்கிலம்)

இதில் தமிழ் தனித்து நிற்கிறது. மற்ற மூன்றிலும் 'குடி' நடுவில். இதை மட்டும் பார்த்துவிட்டு 'அந்த மூன்று மொழிகளும் ஒரு மாதிரி' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 'கோப்பி குடிக்கிற ஆள்' என்பதை நான்கிலும் சொல்லிப் பாருங்கள். மலாயில் 'ஓராங் யாங் மினும் கோப்பி': 'ஆள்' என்ற சொல் முதலில், விவரம் பிறகு. ஆங்கிலமும் அதே வரிசை. சீனத்தில் 'ஹ காஃபெய் த ரென்': குடி, கோப்பி, 'த' என்ற இணைப்பு, கடைசியில் ஆள். தமிழைப் போலவே விவரம் முழுவதும் ஆளுக்கு முன்னால் வந்துவிட்டது! வினையை நடுவில் வைத்துக்கொண்டு விவரத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கும் இந்தச் சேர்க்கை உலக மொழிகளில் மிக அரிது.

இன்னும் ஒரு அடி போகலாம். 'பெரிய வீடு' மலாயில் 'ரூமா பெசார்', அதாவது வீடு முதலில், பெரிய பிறகு. ஆங்கிலத்தில் 'பெரிய' முன்னால். ஆக, பெயரடையில் ஆங்கிலம் தமிழோடும் சீனத்தோடும் சேர்கிறது, மலாய் பிரிகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் மொழிகள் வேறு வேறு அணிகளாகப் பிரிவதை இப்படி ஒரு கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடமோ சீன நண்பரிடமோ கேட்டு நிரப்பினால் இன்னும் நல்லது. அவர்களும் தங்கள் மொழியைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள்.

ஒரு வரி, இரண்டு பொருள்

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஒரு 'பழைய புத்தகக் கடை' இருக்கிறது என்று யாரோ சொல்கிறார். பழையது புத்தகமா, கடையா? [பழைய புத்தக]க் கடை என்றால் புதிதாகத் திறந்த கடையிலும் பழைய புத்தகம் விற்கலாம். பழைய [புத்தகக் கடை] என்றால் பல காலமாக இருக்கும் கடையில் அச்சு மணம் மாறாத புத்தகங்கள் கிடைக்கலாம். ஒரே சொற்கள், ஒரே வரிசை, அடைப்புக்குறி மட்டும் வேறு. சொற்களின் வரிசையைத் தாண்டி அமைப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

'சிவப்புச் சட்டை போட்ட பையனின் அப்பா' என்பதிலும் அதே நிலை. சட்டை பையன் மேல் இருக்கலாம், அப்பா மேலும் இருக்கலாம். "நேற்று வந்த கடிதத்தைப் படித்தேன்" என்பதில் 'நேற்று' வந்ததோடு சேரலாம், படித்ததோடும் சேரலாம். சத்தமாகப் படிக்கும்போது எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கவனித்தால், எந்த அடைப்பை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். இந்த மூன்றுக்கும் இரண்டிரண்டு மரம் வரைவது நல்ல பயிற்சி.

எழுவாயைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலும் சுலபம். வினையின் விகுதி யாரைக் காட்டுகிறதோ அவர் எழுவாய். 'வந்தேன்' என்றால் நான், 'வந்தாள்' என்றால் அவள். அதனால்தான் எழுவாயைச் சொல்லாமலே விட்டுவிட முடிகிறது. "இவர் என் ஆசிரியர்" போன்ற வாக்கியத்தில் வினையே இல்லை. அதுவும் முழு வாக்கியம்தான், அங்கே பெயரே பயனிலை.

சிக்கல் "எனக்குப் பசிக்கிறது" என்ற இடத்தில் வருகிறது. பசி எனக்குத்தான், ஆனால் "*எனக்குப் பசிக்கிறேன்" என்று சொல்வதில்லை. விகுதிச் சோதனைப்படி 'எனக்கு' எழுவாய் இல்லை. உருபைப் பார்த்தால் நான்காம் வேற்றுமை. சரி, அதோடு விட்டுவிடலாமா? இன்னொரு சோதனை இருக்கிறது. 'தன்' என்ற சொல் வழக்கமாக எழுவாயைத்தான் சுட்டும். "மாலா குமாருக்குத் தன் புத்தகத்தைக் கொடுத்தாள்" என்றால் புத்தகம் மாலாவுடையது, குமாருடையது இல்லை. இப்போது "குமாருக்குத் தன் தங்கையை ரொம்பப் பிடிக்கும்" என்பதைப் பாருங்கள். 'தன்' குமாரைச் சுட்டுகிறது. 'குமாருக்கு' இரண்டு வாக்கியத்திலும் ஒரே வடிவம்தான், ஆனால் இரண்டாவதில் எழுவாயைப் போல நடந்துகொள்கிறது.

அப்படியானால் 'எழுவாய்' என்பது ஒரே குணம் இல்லை. விகுதியோடு இயைவது ஒரு குணம், 'தன்' சுட்டுவது இன்னொரு குணம். பெரும்பாலான வாக்கியங்களில் இரண்டும் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கும். பசி, பிடித்தல், தெரிதல் போன்றவை வரும் வாக்கியங்களில் பிரிந்துவிடும். மொழியியலாளர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், ஏனென்றால் ஆங்கிலத்தை மட்டும் பார்த்தால் இது சுலபத்தில் தட்டுப்படாது. வகுப்பில் கட்டுரைக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இதை எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த தமிழே தரவு.

வாக்கியத்துக்குள் வாக்கியம்

"மாலா வருவாள்." "மாலா வருவாள் என்று குமார் சொன்னான்." "மாலா வருவாள் என்று குமார் சொன்னதாக அப்பா நினைக்கிறார்." இதை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீட்டலாம், மூச்சும் ஞாபகமும்தான் தடை, இலக்கணம் இல்லை. தமிழில் உள்வாக்கியம் பெரும்பாலும் 'என்று', பெயரெச்சம், வினையெச்சம் ஆகிய மூன்றில் ஒரு வடிவில் வரும். பள்ளியில் படித்த எச்சங்கள் இங்கே நன்றாகவே கைகொடுக்கும்.

அடுத்து என்ன செய்வது?

சொந்தமாக யோசித்த வாக்கியங்களோடு நிற்காதீர்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வெளிவருகிறது. அதன் செய்தி ஒன்றிலிருந்து நீளமான வாக்கியம் ஒன்றை எடுத்து அடைப்புக்குறி போடுங்கள். ஒலி 96.8இல் அறிவிப்பாளர்கள் பேசுவதைக் கேட்டுச் சில வரிகளை எழுதி, அதே வேலையைப் பேச்சுத்தமிழில் செய்யுங்கள். வீட்டில் கேட்கும் "சாப்பிட்டாச்சு லா" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'லா' பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் உட்காருகிறது. 'ஆ', 'தான்' மாதிரி நடுவில் உள்ள உறுப்புகளின் மேல் ஏறுமா என்று பாருங்கள்.

அப்புறம், குறி போட்ட வாக்கியங்களை வேறு இருவரிடம் காட்டுங்கள். ஒருவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவராகவும் மற்றவர் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவராகவும் இருந்தால் நல்லது. "இது சரியா?" என்று கேட்காதீர்கள், உடனே பள்ளி இலக்கணம் பேசத் தொடங்கிவிடுவார்கள். "நீங்க இப்படிச் சொல்வீங்களா?" என்று கேளுங்கள். உங்கள் தீர்ப்பும் அவர்கள் தீர்ப்பும் வேறுபடும் இடத்தில் எதையும் அழிக்காமல், யார் எந்த ஊர்த் தமிழ் பேசுபவர் என்ற குறிப்போடு மூன்றையும் எழுதி வையுங்கள்.